நட் உள்பக்கம் இருக்க வேண்டும்: கார் இலக்கத் தகட்டுக்குச் செய்த காவல்

விசுவமடுவில் ஒரு தேநீர்க் கடைக்கு முன்னால் காரை நிறுத்தி இறங்கினேன். கடையில் நின்ற சிறுவன்தான் முதலில் கண்டான். "அண்ணை, பின்னுக்கு நம்பர் இல்லையே" என்றான். திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் தகடு இருந்த இடத்தில் நீள்சதுரமாக, வெயில் படாத பழைய வெள்ளைப் பூச்சு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பம்பரின் மேல் விளிம்பில் ஒரு திருகாணி கிடந்தது. மற்றதைக் காணவில்லை. சுரண்டலோ நெளிவோ எதுவும் இல்லை. அவசரப்படாமல், தன் சொந்தப் பொருளைக் கழற்றுவதுபோல் யாரோ கழற்றியிருந்தார்கள்.

அன்று புதுக்குடியிருப்பில் உறவினர் வீட்டுத் திருமணம். மண்டப வளவு நிறைந்துவிட்டதால் காரைப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு வேப்பமரத்தின் கீழ் விட்டிருந்தேன். ஏறத்தாழ மூன்று மணி நேரம். முன்பக்கத்தையும் போய்ப் பார்த்தேன். அங்கே வெள்ளைத் தகடு இருந்தது, ஆனால் அதன் இரண்டு திருகாணிகளில் ஒன்று பாதி கழன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முன்தகட்டிலும் கை வைத்திருக்கிறான். ஆள் அரவம் கேட்டு ஓடியிருக்க வேண்டும்.

தேநீர் குடிக்காமல் வந்த வழியே திரும்பினேன். திருட்டு நடந்த இடத்துப் பொலிஸ் நிலையத்தில் அன்றிரவே முறைப்பாடு செய்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன்: தகடு தொலைந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று படுக்கப் போய்விடக் கூடாது. தகட்டைத் திருடுபவனுக்கு அந்த அலுமினியத் துண்டு தேவையில்லை. அவனுக்கு வேண்டியது வேறொருவருடைய இலக்கம். அதை அதே நிறத்தில், அதே வகையில் உள்ள இன்னொரு காரில் பூட்டிக்கொண்டு அவன் எதைக் கடத்தினாலும், யாரை இடித்துவிட்டு ஓடினாலும், பார்த்தவர் எழுதிக் கொடுக்கப்போவது என் இலக்கத்தை. கொழும்பில் 2024 ஜனவரியில் இருந்து வீதி விதி மீறல்களைச் சிசிடிவி கமராவில் பார்த்தே நடவடிக்கை எடுக்கிறார்கள். கமராவுக்குத் தகடுதான் தெரியும், ஓட்டுபவனின் மனம் தெரியாது. முறைப்பாட்டில் பதியப்படும் திகதியும் நேரமும்தான் அந்த நேரத்துக்குப் பிறகு நடந்தவற்றில் இருந்து நம்மைப் பிரித்துக் காட்டும். அதன் பிரதி இன்றும் காரின் ஆவணங்களோடு இருக்கிறது.

வன்னியில் வளர்ந்தவனுக்கு வாகன இலக்கம் வெறும் எண் அல்ல. 2009இல் முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு வந்த வாகனங்கள் பிறகு மலைமலையாகக் குவிந்து கிடந்ததைக் கண்டவர்கள் நாங்கள். அப்பாவின் உழவு இயந்திரமும் அப்படித்தான் போனது. தகடு எரிந்து, டயர் போய், நிறமும் போன பிறகு அது எங்களுடையது என்று அப்பா காட்டியது, ஒரு பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவர் எழுதி வைத்திருந்த அடிச்சட்ட இலக்கத்தை வைத்துத்தான். பிற்காலத்தில் 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது, எந்த நாள் எண்ணெய் கிடைக்கும் என்பதையும் தகட்டின் கடைசி இலக்கமே தீர்மானித்தது. இவ்வளவையும் பார்த்த பிறகும் அந்தத் தகட்டை இரண்டு திருகாணிகளில் தொங்கவிட்டு ஊரெல்லாம் ஓடியிருக்கிறேன் என்பது அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

புதுத் தகடு கைக்கு வரும்வரை கார் வீட்டில் நின்றது. அந்தக் காலத்தைத்தான் இந்த வேலைக்குப் பயன்படுத்தினேன்.

முதல் வேலை, திருடனின் இடத்தில் நின்று பார்ப்பது. எஞ்சியிருந்த முன்தகட்டைச் சரியாக இறுக்கிவிட்டு, கைத்தொலைபேசியில் நேரத்தை ஓடவிட்டு, ஒரு நட்சத்திரத் திருப்புளியால் கழற்றினேன். நாற்பத்தொரு விநாடி. திருப்புளி இல்லாமல் பத்தாம் இலக்க ஸ்பானரால் கழற்றியபோது ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஜப்பானியக் கார்களில் தகட்டுக்கு வருவது பெரும்பாலும் எம்6 அளவு, அதாவது 6 மி.மீ. விட்டமுள்ள போல்ட். தலையில் நட்சத்திர வெட்டும் இருக்கும், பத்து மில்லிமீற்றர் அறுகோணமும் இருக்கும். இரண்டு கருவியில் எது கையில் இருந்தாலும் போதும், இரண்டும் எந்த மோட்டார் சைக்கிள்காரரின் பையிலும் இருக்கும்.

அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. ஜப்பானில் இந்தக் கார் ஓடிய காலத்தில் அதன் பின்தகட்டின் இடது போல்ட் இப்படித் திறந்து இருந்திருக்காது. அங்கே சாதாரணக் கார்களின் பின்தகட்டில் இடப்பக்கப் போல்ட்டின் மேல் அலுமினிய மூடி ஒன்றை அழுத்தி, பதிவு செய்த இடத்தைக் காட்டும் எழுத்தை அதில் பொறித்து முத்திரை வைப்பார்கள். மூடியை உடைக்காமல் போல்ட்டைத் தொட முடியாது. உடைந்தால் உடைந்தது தெரியும். திருட்டை அது தடுக்கிறதோ இல்லையோ, யாரோ கை வைத்திருக்கிறார் என்பதை மறைக்க விடாது. இந்த எண்ணத்தை மனத்தில் வைத்துக்கொண்டேன், பிறகு பயன்பட்டது.

கிளிநொச்சியில் எனக்குப் பழக்கமான ஒரு கராஜ் அண்ணை இருக்கிறார். கேட்டவுடன், "றிவெட் அடித்துவிடு தம்பி, வேலை முடிந்தது" என்றார். பலரும் சொல்லும் வழி இது. முன்தகட்டை அப்படியே பம்பரின் பிளாஸ்டிக்கோடு நான்கு அலுமினிய றிவெட்டால் பிடித்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. காரை வெளியே எடுக்க முடியாததால் வளவுக்குள்ளும் வீட்டுக்குப் பின்னால் உள்ள எங்கள் வயல்காணியின் கிரவல் பாதையிலும் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் தகடு தாளம் போட்டது. குனிந்து பார்த்தால் இரண்டு றிவெட்கள் பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தன. றிவெட்டின் பின்பக்கம் விரியும் பகுதி சிறியது. இரும்புத் தகட்டில் அது போதும். மெல்லிய பிளாஸ்டிக்கில், பின்னால் வாஷர் வைக்காமல் அடித்தால் அதிர்வு தாங்காது. வாஷர் வைத்து அடித்திருந்தாலும் எனக்குத் திருப்தி வந்திருக்காது. அலுமினிய றிவெட் மென்மையானது. கூர் உளியைத் தலைக்குக் கீழே வைத்து இரண்டு தட்டுத் தட்டினால் தலை பறந்துவிடும். எனக்கே பம்பரைக் கழற்ற வேண்டி வந்தால் ஒவ்வொரு முறையும் துளைத்து எடுக்க வேண்டும். திருடனுக்குச் சுலபமாகவும் உரிமையாளனுக்குக் கடினமாகவும் இருக்கும் பூட்டு எதற்கு?

அடுத்து ஒருவழித் திருகாணி. கொழும்பில் இருந்து தபாலில் எடுப்பித்தேன். இதன் தலையில் உள்ள வெட்டு ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் இருக்கும். இறுக்கும் திசையில் திருப்புளிக்குப் பிடி கிடைக்கும். கழற்றும் திசையில் திருப்பினால் சரிவில் ஏறி வழுக்கி வெளியே வந்துவிடும். இது நல்ல யோசனை என்று நம்பினேன். கராஜ் அண்ணையிடம் கொண்டுபோய் ஒரு மரப்பலகையில் பூட்டிக் காட்டினேன். அவர் திருப்புளியைத் தொடவே இல்லை. வைஸ் கிரிப் குறட்டால் தலையின் விளிம்பைக் கவ்வினார், திருப்பினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "தலை வெளியே நிற்கிறதே தம்பி, பிறகென்ன?" என்றார்.

அவர் சொன்ன அந்த ஒரு வரிதான் வேலையின் திசையை மாற்றியது. வெட்டின் வடிவத்தை எவ்வளவு விசித்திரமாக ஆக்கினாலும், அதற்குரிய கருவியும் கடையில் விற்பனைக்கு வந்துவிடும். நடுவில் முள் வைத்த நட்சத்திரக் குழித் திருகாணிக்கும் இதே நிலைதான், முள்ளுக்கு இடம்விட்ட பிட் மலிவான பெட்டிகளிலேயே வருகிறது. கவனிக்க வேண்டியது வெட்டின் வடிவத்தை அல்ல, தலைக்குக் கருவி எட்டுகிறதா இல்லையா என்பதைத்தான்.

பின்தகட்டுக்கு விடை எதிர்பாராத இடத்தில் இருந்து வந்தது. எங்கள் ஒழுங்கையில் ஒரு தச்சர் ஐயா இருக்கிறார். எண்பதைத் தொட்டவர். எங்கள் வீட்டுப் படலை அவர் செய்தது. நான் முற்றத்தில் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து வந்தார். தகடு களவு போன கதையைச் சொன்னேன். "நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது இந்தத் தகட்டுக்குத் தார் பூசியிருக்கிறார்கள், களவெடுத்ததாகக் கேள்விப்பட்டதில்லை" என்றார். 1957இல் வாகன இலக்கத்தில் சிங்கள ஸ்ரீ எழுத்தை நுழைத்ததையும் அதற்கு எதிராக வடக்கிலும் கிழக்கிலும் தார்ச் சட்டிகளோடு இறங்கியதையும் அவர் சொல்லிக்கொண்டே போனார். சொல்லி முடித்த பிறகு டிக்கிக் கதவின் உள்பக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "படலைக்கு நான் போட்ட போல்ட்டைப் பார்த்தாயா? நட் எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று கேட்டார்.

போய்ப் பார்த்தேன். வீதிப் பக்கம் வழுவழுப்பான குமிழ்த் தலை மட்டும். அதில் வெட்டும் இல்லை, அறுகோணமும் இல்லை. நட் முழுவதும் வளவின் உள்பக்கம். தலைக்குக் கீழே கழுத்து சதுரமாக இருந்து மரத்துக்குள் அமர்ந்துகொள்ளும், அதனால் உள்ளே நட்டை இறுக்கும்போது போல்ட் சுற்றாது. வெளியே நிற்பவனுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. உள்ளே இருப்பவன் ஒரு ஸ்பானரால் இரண்டு நிமிடத்தில் கழற்றலாம். பூட்டிய டிக்கியின் கதவும் ஒரு படலைதானே!

இந்தப் போல்ட் ஹாட்வெயார் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது. துருப்பிடிக்காத உருக்கில், எம்6 அளவில் இரண்டு வாங்கினேன். தகட்டுக்குப் பின்னால் வைக்க 2 மி.மீ. தடிப்பில் துருப்பிடிக்காத உருக்குத் தகடு ஒன்றை, இலக்கத் தகட்டைவிடச் சுற்றிவர 3 மி.மீ. சிறியதாக வெட்டுவித்தேன். பின்தாங்கி இல்லாமல் விட்டால், மெல்லிய அலுமினியத்தின் விளிம்புக்குள் பெரிய திருப்புளியை நுழைத்து நெம்பி, போல்ட்டின் தலையைச் சுற்றிக் கிழித்தெடுத்துவிடலாம். தாங்கி இருந்தால் நுழைக்க இடைவெளி கிடைக்காது.

உருக்கில் 6 மி.மீ. துளை இட்டு, சதுர அரத்தால் நான்கு மூலையையும் கையாலேயே ராவினேன். இரண்டு துளைக்கும் சேர்த்து ஒரு முழுப் பின்னேரம் போனது. போல்ட்டின் சதுரக் கழுத்து ஏறத்தாழ 4 மி.மீ. நீளம். இலக்கத் தகடு 1 மி.மீ., இடையில் ஒட்டும் நுரைப்பட்டி 1.1 மி.மீ., உருக்கு 2 மி.மீ. கூட்டினால் 4.1. கழுத்து சரியாக உருக்கின் சதுரத்துக்குள் முடிகிறது. இந்தக் கணக்கை முதலிலேயே பார்த்துவிடுங்கள். கழுத்து நீண்டால் தலை தகட்டில் அமராது, குறைந்தால் போல்ட் சுற்றும்.

டிக்கியின் உட்புற மூடியைக் கழற்றி, பழைய நட் இருந்த இடத்தைத் துளைத்துப் பெரிதாக்கியபோது ஒரு பிழை செய்தேன். வலப்பக்கத் துளையில் பிட் உள்ளே நழுவி, தகட்டு விளக்குக்குப் போகும் வயரை அறுத்துவிட்டது. இரவில் பின்தகட்டுக்கு வெளிச்சம் இல்லாவிட்டால் அதுவே குற்றம், தகடு இருந்தும் பயனில்லை. வயரை ஈயப்பற்று வைத்து இணைத்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டேன். துளைக்கும் முன்பு உள்ளே கையை விட்டு வயர் ஓடும் வழியைத் தடவிப் பார்த்து, அதை நூலால் கட்டி ஒதுக்கியிருக்க வேண்டும். பிட்டின் மேல், வேண்டிய ஆழத்தில் இன்சுலேசன் பட்டியைச் சுற்றி அடையாளம் வைத்திருந்தாலும் போதும். இடப்பக்கத்துக்கு அப்படித்தான் செய்தேன்.

இரும்பில் புதிதாகத் துளைத்த விளிம்பை அப்படியே விடக் கூடாது. மார்கழி மழைக்குள் துரு பிடித்து, பூச்சுக்குக் கீழே பரவிவிடும். அரத்தால் பிசிறு நீக்கி, பிரைமர் இரண்டு தடவை பூசி, அதன் மேல் காரின் நிறத்தைத் தொட்டுவிட்டேன். போல்ட் நுழையும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப்பில் வெட்டிய றபர் வளையம். உருக்குத் தாங்கிக்கும் காரின் உடலுக்கும் நடுவிலும் அதே டியூப்பின் நீளப் பட்டிகள். இது தண்ணீரையும் தடுக்கும், அதிர்வுச் சத்தத்தையும் அடக்கும். உள்ளே பெரிய வாஷர், அதன் மேல் நைலோன் வளையம் உள்ள நட். அது அதிர்வில் தானாகத் தளராது.

இன்னொரு பகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலுமினியமும் துருப்பிடிக்காத உருக்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால், அரிக்கப்படுவது அலுமினியம்தான். முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் ஓடும் வாகனங்களில் திருகாணியைச் சுற்றி வெள்ளை மாவு பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். துளை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி, ஒருநாள் தகடு தானாகவே விழுந்துவிடும். களவு போனதென்று நினைத்த சில தகடுகள் இப்படி விழுந்தவையாகவும் இருக்கலாம். போல்ட் தலைக்கும் தகட்டுக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் வாஷர் வைத்தால் போதும். நான் பால்மா டின்னின் பிளாஸ்டிக் மூடியில் இருந்து வட்டமாக வெட்டினேன்.

முன்பக்கம் வேறு பிரச்சினை. அங்கே பூட்டக்கூடிய உள்பக்கம் இல்லை. பம்பருக்குக் கீழே கையை விட்டால் பின்னால் எட்டிவிடலாம். ஆகவே, படலை போல்ட் அங்கே முழுக்காவல் ஆகாது. பம்பரின் கீழ்க் கிளிப்புகளைக் கழற்றி, இன்னொரு உருக்குத் தாங்கியை பம்பரோடு நிரந்தரமாகப் பொருத்தினேன். தகடு வந்து அமரும் இரண்டு இடத்திலும் தாங்கியின் பின்னால் எம்6 நட்டை வெல்டிங் செய்துவிட்டேன். இனிக் கழற்ற ஒரே வழி முன்பக்கத் தலை மட்டும். அதை எட்டாமல் செய்ய வேண்டும்.

இதற்குப் பரந்தனில் ஒரு லேத் பட்டறையில் நான்கு சிறிய உருக்குக் கிண்ணங்கள் கடைந்து வாங்கினேன். வெளி விட்டம் 16 மி.மீ., உள் விட்டம் 11 மி.மீ., ஆழம் 6 மி.மீ., அடித்தட்டு 2 மி.மீ., அடியில் போல்ட்டும் அதைச் சுற்றி ஒரு மெல்லிய குழாய் வளையமும் நுழையும் துளை. குழிக்குள் அமரும் போல்ட், தலை தட்டையான குமிழாக இருக்கும் அலன் சாவி வகை. அதன் தலை 10.5 மி.மீ. அகலம், 3.3 மி.மீ. உயரம். கிண்ணத்துக்குள் முழுவதும் மறைந்துவிடும். கிண்ணத்தைத் தகட்டோடு நசுக்காமல், அந்தத் துளைக்குள் அடித்தட்டைவிடச் சற்று உயரமான குழாய் வளையத்தை வைத்து, தளர்வாக விட்டேன். அதுதான் இதன் உயிர். குறட்டால் கிண்ணத்தைக் கவ்வித் திருப்பினால் கிண்ணம் மட்டும் சுற்றும், உள்ளே போல்ட் அசையாது. பட்டறைக்காரர் முதலில் புரியாமல், "இறுக்கமாகத்தானே வேண்டும்?" என்று கேட்டார். ஒன்றைப் பூட்டிக் காட்டியதும், தன் மோட்டார் சைக்கிளுக்கும் இரண்டு கடைந்து வைத்துக்கொண்டார்.

அலன் சாவி எல்லோரிடமும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதற்கு விடை சைக்கிள் கடையில் கிடைத்தது. எம்6 குமிழ்த்தலைப் போல்ட்டின் அறுகோணக் குழி 4 மி.மீ. அகலம். சைக்கிள் மிதிக்கட்டைக்குள் இருக்கும் சிறிய இரும்புக் குண்டு அங்குலத்தில் 5/32, அதாவது 3.97 மி.மீ. அளவெடுத்துச் செய்ததுபோல் குழிக்குள் போய் உட்காரும். ஒரு துளி சுப்பர் குளு விட்டு, குண்டை வைத்து, மெல்ல ஒரு தட்டுத் தட்டினால் சாவிக்கு இடமே இல்லை. குண்டு கடினமான உருக்கு, சாதாரணப் பிட்டால் துளைக்கப் பார்த்தால் பிட் வழுக்கும். நான் கழற்ற வேண்டுமானால், நகப்பூச்சு நீக்கப் பயன்படும் அசிட்டோனைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காத்திருக்க வேண்டும். சுப்பர் குளு அதில் இளகும். ஊசியால் கிளறி, காந்தத்தால் குண்டை வெளியே எடுக்கலாம். ஒருமுறை ஒத்திகை பார்த்தேன், இரண்டு தடவை அசிட்டோன் விட்டு, நடுவில் தேநீரும் குடித்து, முக்கால் மணி நேரம் பிடித்தது. எனக்கு அவசரம் இல்லை. நடுவீதியில் நிற்பவனுக்கு அந்த முக்கால் மணி நேரம் கிடைக்காது.

நட்டும் போல்ட்டும் இரண்டும் துருப்பிடிக்காத உருக்காக இருந்தால் புரிகளில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். அந்த உலோகம் தன்னோடு தானே உராய்ந்து இறுகிப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. பிறகு உரிமையாளரும் கழற்ற முடியாது.

குண்டின் மேல் மகளின் சிவப்பு நகப்பூச்சில் ஒரு துளி விட்டு மூடினேன். இதுதான் ஜப்பான் முத்திரையில் இருந்து எடுத்த பாடம். யாராவது குடைந்தால் சிவப்பு உடையும், மறுநாள் காலையில் எனக்குத் தெரியும். தகட்டைத் திருடுவதில் இன்னொரு வகை இருக்கிறது: உங்கள் தகட்டை எடுத்துவிட்டு, வேறொரு தகட்டை அதே இடத்தில் மாட்டிவிட்டுப் போவது. காரில் தகடு இருக்கிறதா என்று பார்ப்போமே தவிர, அதில் நம்முடைய இலக்கம்தான் இருக்கிறதா என்று நாள்தோறும் யார் வாசிக்கிறார்கள்? அதனால் தகட்டின் பின்பக்கத்தில், அலுமினியத்தில் கூர் ஊசியால் எனக்கு மட்டும் தெரிந்த அடையாளம் ஒன்றைக் கீறி, இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். முன்பக்கத்தில் ஒரு கீறலும் இல்லை. இலக்கத்தையோ எழுத்தையோ அரச இலச்சினையையோ எதுவும் மறைக்கக் கூடாது, நிறம் மாறக் கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே விதியாக வைத்துக்கொண்டேன். கிண்ணத்தை 16 மி.மீ.க்குள் அடக்கியதும் அதனால்தான். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உறைகள் விற்கிறார்கள், வாங்காதீர்கள். வன்னி வெயிலுக்கு ஒரு வருடத்தில் மஞ்சளாகி, வாசிக்க முடியாத தகட்டோடு நீங்களே பொலிஸாரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பீர்கள்.

நுரைப்பட்டி ஒட்டுவதில் பொறுமை வேண்டும். உருக்கையும் தகட்டின் பின்பக்கத்தையும் ஸ்பிரிட்டால் துடைத்து, விரல் படாமல் ஒட்ட வேண்டும். 21 முதல் 38 பாகை வெப்பநிலையில் ஒட்டினால் நன்றாகப் பிடிக்கும் என்பது இந்த வகைப் பட்டிகளின் கணக்கு. கிளிநொச்சியில் காலை எட்டு மணிக்கு அது கேளாமலே கிடைக்கும். ஆனால் முழுப் பலம் வர 72 மணி நேரம் எடுக்கும். மூன்று நாளும் காரைக் கழுவவில்லை. பட்டியை நான்கு பக்கமும் அடைத்து ஒட்டாமல் கீழ்ப்பக்கம் இரண்டு இடத்தில் வழிவிட்டேன். இல்லாவிட்டால் மழைநீர் உள்ளே தேங்கும். இந்தப் பட்டியைப் பிரிப்பதற்கு மீனவர்கள் பயன்படுத்தும் தங்கூசி போதும். தகட்டுக்குப் பின்னால் நுழைத்து, வாள்போல் இழுத்தால் அறுந்துவிடும். திருடனும் அதைச் செய்யலாம்தான். போல்ட் இருக்கும்வரை அது அவனுக்கு உதவாது.

இவ்வளவையும் உண்மையான தகட்டில் செய்யும் முன்பு, அதே தடிப்பில் ஒரு அலுமினியத் துண்டைப் பூட்டி, கராஜ் அண்ணையை வீட்டுக்கு அழைத்தேன். அவர் விரும்பிய கருவியைக் கொண்டு வரலாம், மின்சாரக் கருவி மட்டும் கூடாது என்றேன். பின்பக்கத்தில் ஆறு நிமிடம் போராடினார். குறடு குமிழ்த் தலையில் வழுக்கியது. உளியைத் தலைக்குக் கீழே வைத்து அடிக்க முயன்றார், மெல்லிய அலுமினியம் கிழிந்ததே தவிர தலை பெயரவில்லை. "எடுக்கலாம் தம்பி, ஆனால் எடுத்தால் இது தகடாக இருக்காது" என்று சொல்லி விட்டுவிட்டார். முன்பக்கத்தில் கிண்ணங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. கடைசியில் சுத்தியலாலும் உளியாலும் ஒரு கிண்ணத்தை நசுக்கி, எட்டாவது நிமிடத்தில் ஒரு பக்கத்தைப் பெயர்த்தார். அதற்குள் ஒழுங்கை முழுவதும் நாய்கள் குரைத்து, பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நாற்பத்தொரு விநாடியில் சத்தமின்றி முடிந்த வேலை, எட்டு நிமிடச் சத்தமாக மாறியிருக்கிறது. கையில் மிஞ்சுவதும் பூட்ட முடியாத நெளிந்த தகரம். எனக்கு இது போதும்.

நசுங்கிய கிண்ணத்தைப் பார்த்தபோது ஒரு குறை தெரிந்தது. சுவர் 2.5 மி.மீ. இருந்தும் உலோகம் மென்மையாக இருந்தது. அடுத்த முறை கடையும்போது கடினமான உருக்கில், வாயின் விளிம்பைக் கொஞ்சம் உள்நோக்கிச் சரித்துச் செய்யச் சொல்லியிருக்கிறேன், உளி நழுவிப் போகும்.

செலவில் பெரும்பகுதி லேத் கூலிதான். போல்ட், குண்டு, றபர் எல்லாம் சில்லறை. செலவே இல்லாத ஒரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. இப்போது எங்கே நிறுத்தினாலும் காரின் பின்புறத்தைச் சுவரோடோ மரத்தோடோ ஒட்டி நிறுத்துகிறேன். ஆள் குந்தியிருக்க இடம் இல்லாவிட்டால் திருப்புளியும் சுற்றாது.

புதுத் தகடுகள் வந்து பூட்டிய பிறகு, வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குக் குடும்பத்தோடு போனோம். அந்த இரவு வன்னியின் வாகனங்கள் எல்லாம் அங்கேதான் நிற்கும். நந்திக்கடல் பக்கத்தில் ஒரு வெறுங்காணியில் காரை விட்டுவிட்டு, விடியும்வரை கோயிலில் இருந்தோம். திரும்பி வந்தபோது இன்னும் சரியாக வெளிக்கவில்லை. மற்றவர்கள் கதவைத் திறந்து ஏறிக்கொண்டிருக்க, நான் பின்னால் போய்க் குமிழ்த் தலைகளைத் தடவினேன். பிறகு முன்னால் வந்து, கைத்தொலைபேசி வெளிச்சத்தில் இரண்டு கிண்ணத்துக்குள்ளும் பார்த்தேன். இடதில் சிவப்பு அப்படியே இருந்தது. வலதில் நகப்பூச்சின் நடுவே ஒரு நேர்க்கீறல், புதியது. குண்டு அசையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் இருந்து நகப்பூச்சை வாங்கி, அந்தக் கீறலின் மேல் இன்னொரு துளி விட்டேன். முள்ளியவளையில் இருக்கும் மைத்துனரின் ஆட்டோவுக்கு வரும் சனிக்கிழமை இதே வேலையைச் செய்யப் போகிறேன். அதன் பின்தகட்டுக்கு உள்பக்கம் என்று ஒன்று இருக்கிறதா என்பதை முதலில் இருக்கையைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.